கேஎல்லருந்து பினாங்குக்கு, கூட்டாளி வீட்டுக்கு: முதல் நாளுக்கு எந்த வழி, எங்க சுத்தறது?

கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல இருக்கற நம்மாளுங்கள்ல பினாங்குல ஒரு கூட்டாளியாவது இல்லாதவங்க கம்மி. ஒண்ணா தோட்டத்து பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம், அவன் பினாங்கு தீவுல பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில வேலை கெடச்சு போயிருப்பான், அங்கயே கல்யாணம், வீடு, புள்ளைங்கன்னு ஆகியிருக்கும். நம்மளும் வருஷத்துக்கு ஒரு தடவ "இந்த லீவுக்கு வர்றேன்டா"ன்னு சொல்லிட்டு கெளம்புவோம். மூணு நாள் பயணத்துல முதல் நாள் எப்படி போகுதோ அத வச்சுதான் மிச்ச நாளும் அமையும், இது நான் பல தடவ பார்த்தது. கார், பஸ், ஃப்ளைட், ரயில்னு நாலுலயும் போயிருக்கேன், அதனால எதுல காசு கம்மிங்கறத மட்டும் பார்க்காம, போய் எறங்கறப்ப அவனோட உட்கார்ந்து பேச நமக்கு தெம்பு இருக்கான்னு பார்த்து சொல்றேன்.

முதல்ல கார். சுமார் 350 கிலோமீட்டர், ஜாம் இல்லன்னா நாலு மணி நேரம், நடுவுல தாப்பா ஆர் அண்ட் ஆர்ல, அதான் நெடுஞ்சாலை ஓய்விடத்துல, ஒரு கோப்பி. கைக்குழந்தை இருக்கறவங்க, வயசான அப்பா அம்மாவ கூட்டிட்டு போறவங்க யோசிக்கவே வேணாம், கார்தான். ஆனா தீபாவளி, சீனப்பெருநாள், பள்ளி விடுமுறைன்னு வந்தா கதையே வேற, ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கம் பக்கம் லாரிக்கு பின்னாடி ஊர்ந்து, அப்புறம் ஜூருகிட்ட ஊர்ந்து, பாலத்துல ஏறறப்ப ஓட்டறவன் முகத்துல ரத்தமே இருக்காது. பாலம் எதுன்னு முன்னாடியே கூட்டாளிகிட்ட கேட்டு வச்சுக்குங்க. 1985ல திறந்த பழைய பாலம் 13.5 கிலோமீட்டர், ஜார்ஜ்டவுன், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கம் வீடுன்னா அது. 2014ல வந்த ரெண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், பத்து காவான்ல ஏறி பத்து மாவுங்ல எறங்கும், பாயான் லெப்பாஸ்காரங்களுக்கு அதுதான் சுலபம். கடலுக்கு நடுவுல அவ்ளோ தூரம் ஓட்டறது நல்லாத்தான் இருக்கும், ஆனா ஸ்டீரிங் புடிக்கறவனுக்கு கடல பார்க்க எங்க நேரம்.

பஸ் விலை கம்மி, அடிக்கடி இருக்கு, கேஎல்ல டிபிஎஸ் பஸ் ஸ்டேஷன்ல ஏறலாம். டிக்கெட் எடுக்கறப்ப ஒண்ண மட்டும் பாருங்க, சில பஸ் தீவுக்கு இந்தப்பக்கம் பட்டர்வொர்த்தோட நின்னுடும், சிலதுதான் பாலம் தாண்டி தீவுல சுங்கை நிபோங் பஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகும். ஒரு தடவ ராத்திரி பஸ் எடுத்தேன், எந்த கம்பெனின்னு சொல்ல வேணாம், ஸ்லிம் ரிவர் தாண்டி ஏசியும் நின்னு வண்டியும் நின்னு மாத்து வண்டி வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. என் கஷ்டம்கூட பரவால்ல, அந்தப்பக்கம் அவன் சுங்கை நிபோங்ல மோட்டார்ல சாஞ்சுகிட்டே விடிய விடிய நின்னுருக்கான், காலைல அவனுக்கு ஷிஃப்ட்டு வேற. அன்னிக்கு பகல் முழுக்க நான் அவன் வீட்டுல தூங்கினேன், அவன் ஃபேக்டரில நின்னான். அதிலருந்து யாரையாவது பார்க்க போறதுன்னா ராத்திரி பஸ்ஸ நான் தொடறதே இல்ல.

ஃப்ளைட் ஒரு மணி நேரம்தான்னு சொல்வாங்க. கூட்டி பாருங்க. கேஎல் சென்ட்ரல்லருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் 28 நிமிஷம், அதுக்கு முன்னாடி வீட்லருந்து சென்ட்ரல் வரணும், ஏர்போர்ட்ல ஒன்றரை மணி நேரம் முன்னாடி இருக்கணும், பறக்கறது ஒரு மணி, எறங்கி பேக் எடுத்து வெளிய வந்து, பாயான் லெப்பாஸ்லருந்து டவுனுக்கு இன்னொரு 16 கிலோமீட்டர், அதுவும் ஃபேக்டரி விடற நேரமா இருந்தா ரோடு நகராது. ரயில் போற நேரமேதான் வருது, மிச்சம் பெருசா ஒண்ணும் இல்ல. கேஎல் பக்கத்துல இன்னொரு ஏர்போர்ட்டான சுபாங்லருந்து ஃப்ளைட் கெடச்சு, கூட்டாளி வீடும் ஏர்போர்ட் பக்கத்துலயே இருந்தா சரி, எடுங்க.

இப்ப ரயில். என் ஓட்டு இதுக்குத்தான், அதுவும் காலைல போற இடிஎஸ்ங்கற மின்சார ரயிலுக்கு. சென்ட்ரல்லருந்து பட்டர்வொர்த் நாலு, நாலேகால் மணி நேரம். ஏசி எலும்புல ஏறும், ஒரு சுவெட்டர் கண்டிப்பா கைல இருக்கட்டும். ஈப்போ வரைக்கும் தூங்குங்க தப்பில்ல, கோலகங்சார் தாண்டினதும் முழிச்சுக்குங்க, சுரங்கம் வரும், தைப்பிங் மலை வரும், அப்புறம் புக்கிட் மேரா ஏரிக்கு நடுவுலயே ரயில் போகும், ரெண்டு பக்கமும் தண்ணி, தூரத்துல ஒரு சின்ன படகு, அந்த கொஞ்ச நேரம் பெட்டில யாரும் ஃபோன பார்க்க மாட்டாங்க. நெடுஞ்சாலைல போறவனுக்கு அது தெரியவே தெரியாது. லீவு நாளுக்கு டிக்கெட் சீக்கிரம் முடிஞ்சிடும், தேதி முடிவானதுமே எடுத்துடுங்க, அது ஒண்ணுதான் இதுல தொல்ல.

ஆனா நான் ரயில சொல்றதுக்கு பாதி காரணம் ஃபெரிதான். பட்டர்வொர்த் ஸ்டேஷன்லருந்து பினாங் சென்ட்ரல் வழியா ஃபெரிக்கு நடந்தே போயிடலாம். 1894லருந்து ஓடற சர்வீஸ் அது. கார் ஏத்திட்டு போன அந்த பழைய பெரிய ஃபெரிங்கள 2020 கடைசில நிறுத்தினப்ப எனக்கு மனசே ஆறல, சின்ன வயசுல அப்பா கைய புடிச்சுகிட்டு கம்பில சாஞ்சு நின்னது அதுலதான். 2023ல புதுசா நாலு ஃபெரி விட்டாங்க, ஆளுங்களும் மோட்டாரும் மட்டும், கார் இல்ல. பழைய மாதிரி இல்லதான், ஆனாலும் ஃபெரி கரைய விட்டு நகர்ந்ததும் முன்னாடி கொம்தார் கோபுரம், அதுக்கு பின்னாடி மேகம் உட்கார்ந்த பினாங்கு மலை, அது கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வர்றது அப்படியேதான் இருக்கு. போன தடவ ஃபெரி வாசல்ல கூட்டாளி தன் பொண்ண தோள்ல தூக்கிட்டு நின்னான், அது என்ன ரெண்டாவது தடவதான் பார்க்குது, "மாமா, போட்டுல மீனு பாத்தீங்களா?"ன்னு கேட்டுச்சு. பாலத்துல காரோட்டிட்டு போய் அபார்ட்மெண்ட் கீழ பார்க்கிங் தேடறதுக்கும் இதுக்கும் எவ்ளோ வித்தியாசம்.

சரி, எறங்கியாச்சு, மத்தியானம் ரெண்டு மணின்னு வைங்க. பினாங்கு மலையா, ஜார்ஜ்டவுன் டவுனா, பத்து ஃபெரிங்கி கடற்கரையா?

பத்து ஃபெரிங்கி முதல் நாளுக்கு வேணாம், டவுன்லருந்து தூரம், வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு, போய் சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்.

மலைய நான் ரொம்ப விரும்பறவன். 833 மீட்டர், 1923லருந்து ஓடற கேபிள் ரயில், மேல முருகன் கோயில், அங்க நின்னா பாலம் நூல் மாதிரி தெரியும். ஆனா மத்தியானத்துல போனா கியூல நின்னே ஒரு மணி நேரம் போயிடும், மேல போனா மேகம் மூடிக்கும். மலைக்கு காலைலதான் போகணும், அதனால அது மறுநாளுக்கு.

முதல் நாளுக்கு டவுன்தான். ஃபெரிலருந்து நடக்கற தூரத்துலயே கடல்மேல கால் நட்டு வீடு கட்டின சியூ ஜெட்டி, லிட்டில் இந்தியா, 1833ல கட்டின குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளி கப்பித்தான் கெலிங் மசூதி, எல்லாம் இருக்கு. யுனெஸ்கோ 2008ல அந்த பகுதிய பட்டியல்ல சேர்த்துச்சு, நமக்கு அது பாட்டன் பூட்டன் மூட்டை தூக்கின தெரு. அவனோட பேசிகிட்டே நடக்கலாம், கால் வலிச்சா தேத்தண்ணிக்கு உட்காரலாம், டிக்கெட் கெடையாது கியூ கெடையாது. பார்க்க வந்தது அவனத்தானே, மலையில்லயே.

சாப்பாட்டுல ஒரு சிக்கல் இருக்கு. வந்ததும் நாசி கண்டார் சாப்பிடணும்னு நாக்கு துடிக்கும். கண்டார்னா தோள்ல வைக்கற காவடிக் கம்பு, அந்த காலத்துல நம்ம தமிழ் முஸ்லிம் ஆளுங்க ஒரு பக்கம் சோறு ஒரு பக்கம் கறின்னு தூக்கிட்டு துறைமுகத்துல வித்தது. இன்னிக்கும் நல்ல கடைல நின்னு பாருங்க, அந்த அண்ணன் தட்டுல சோத்த கவுத்து, கோழி, வெண்டிக்கா, மீன்முட்டைன்னு நம்ம கை காட்டறத வச்சு, அப்புறம் நாலஞ்சு குழம்புலருந்தும் ஒவ்வொரு கரண்டி அள்ளி ஊத்துவார், "பஞ்சிர்"னு, அதாவது மலாய்ல வெள்ளம்னு, சொன்னா சோறே முங்கிடும். ஒரு குழம்பும் இன்னொண்ணும் கலக்கற எடத்துலதான் ருசியே. ஆனா கூட்டாளி வீட்டுல அவங்கம்மா காலைலருந்து நண்டு சமைச்சுட்டு காத்திருப்பாங்க. நான் ஒரு தடவ வயிறு முட்ட தின்னுட்டு போய் அவங்க போட்ட சோத்த பாதி வச்சுட்டேன், "கேஎல் சாப்பாடு பழகிட்டாப்ல இருக்கு, போதும்யா விடு"ன்னு சொல்லிட்டு தட்ட எடுத்தாங்க, அந்த குரல் இன்னும் காதுல நிக்குது. இப்பல்லாம் டவுன்ல ஐஸ் போட்ட ஒரு செண்டோல் இனிப்பு, அவ்ளோதான். நாசி கண்டார் மறுநாள் ராத்திரிக்கு.

தங்கறதும் அதே மாதிரிதான். கீழ கடையும் மேல வீடுமா இருந்த பழைய ஷோப்ஹவுஸ மாத்தி கட்டின ஹோட்டலெல்லாம் டவுன்ல அழகா இருக்கு, குடும்பத்தோட நாலு பேரா போனா அங்க தங்குங்க, அவங்க வீட்டுல ஒரே பாத்ரூம்னா காலைல பாவம் அவங்களுக்குத்தான் கஷ்டம். தனியா போனா வீட்டுலதான். ஹால்ல பாய விரிச்சு, ஃபேன் சத்தத்துல, எல்லாரும் தூங்கினப்புறம் அவன் ரெண்டு கப்புல மைலோ கலக்கி கொண்டு வந்து பக்கத்துல உட்காருவான். வேலைல என்ன பிரச்சனை, அப்பாவுக்கு சர்க்கரை எவ்ளோ இருக்கு, வீட்டு லோன் எப்ப முடியும், இதெல்லாம் அந்த நேரத்துலதான் வாயிலருந்து வரும். மணி ரெண்டாயிடும். காலைல மலைக்கு முதல் வண்டிக்கே போகணும்னு அவன்தான் அலாரம் வைப்பான்.