மக்குலர் சொசைட்டி உதவி எண்: அம்மாவுக்காக இரண்டு வருடம் பாவித்த அனுபவம்

"கதவு நிலை வளைஞ்சு கிடக்கு, ஆரும் இடிச்சுப்போட்டினமோ?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். நான் போய்த் தடவிப் பார்த்தேன். நிலை நேராகத்தான் இருந்தது. கண்ணாடி மாற்றவேண்டும் போல என்று நினைத்து ஒரு கண்ணாடிக்கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே புதுக் கண்ணாடி போட்டுத் தந்தார்கள், நல்ல காசும் கொடுத்தோம். கதவு நிலை வளைந்தபடியே இருந்தது. இரண்டு மாதம் கழித்து வேறொரு கடையில் கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார்கள். நடுவில் இருந்த கோடுகள் அலை மாதிரித் தெரிவதாக அம்மா சொன்னதும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு இப்போது 79 வயது. சாவகச்சேரியில் பிறந்தவர், லண்டன் ஹரோவில் என்னோடு இருக்கிறார். இடக்கண்ணில் ஈர வகை மக்குலா நோய், வலக்கண்ணில் உலர் வகை. மக்குலா என்பது விழித்திரையின் நடுவில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அகலமுள்ள இடம். வாசிப்பது, முகம் மட்டுக்கட்டுவது, அரிசியில் கல் பொறுக்குவது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. ஈர வகையில் அதற்கு அடியில் புதிதாக இரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. அதற்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போனதிலிருந்து 14 நாளுக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது இங்கிலாந்தின் வழிகாட்டு விதி, அவ்வளவு அவசரமான வருத்தம் அது. உலர் வகைக்குத் தங்களிடம் ஊசி இல்லை என்றார்கள்.

ஊசியை அவர்கள் நன்றாகத்தான் போட்டார்கள். ஆனால் ஊசி போட்டு வீட்டுக்கு வந்த மனிசி என்ன செய்வது? அடுப்பை எப்படி மூட்டுவது, மருந்துப் பெட்டியில் உள்ளதை எப்படி வாசிப்பது? அதை யாரும் சொல்லவில்லை. நான் மக்குலர் சொசைட்டிக்கு அழைத்தது அப்போதுதான்.

இது மக்குலா நோயாளருக்காக 1987இல் தொடங்கிய தொண்டு நிறுவனம், தலைமை அலுவலகம் இங்கிலாந்தின் அண்டோவரில். எண் 0300 3030 111. டொக்டரின் கடிதம் தேவையில்லை, கட்டணமும் இல்லை. நோயாளிதான் எடுக்கவேண்டும் என்றில்லை, பிள்ளைகளும் எடுக்கலாம்.

முதல் அழைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நான் ஊசியைப் பற்றியும் வைற்றமின் குளிசையைப் பற்றியும் கேட்டேன். எடுத்த பெண் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, அம்மாவுக்கு இல்லாத உருவங்கள் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். அம்மாவிடமும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள் என்றார். சரி என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்மாவிடம் தமிழில் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"ஒரு சின்னப் பிள்ளை. சிவப்புச் சட்டை. மாடிப்படியிலை வந்து இருக்கிறா. மூண்டு மாசமா."

எனக்குக் கை காலெல்லாம் விறைத்துப் போனது. மூன்று மாதமாக அம்மா அந்தப் படியால் தனியே ஏறி இறங்கியிருக்கிறார். எங்களிடம் சொன்னால் பேய் என்போம், அல்லது மூளை குழம்பிவிட்டது என்று எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவோம் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

தொலைபேசியில் இருந்தவருக்கு இது புதிதாகவே இல்லை. இதற்குச் சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்று பெயர். 1760இல் சுவிற்சர்லாந்தின் சார்ல்ஸ் போனே தன் பாட்டனார் கண்ட இப்படியான காட்சிகளை எழுதிவைத்தார். கண்ணிலிருந்து வரும் செய்தி குறைந்துபோனதும் மூளை தானாகவே படம் போட்டு அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. புத்தி மாறாட்டம் இல்லை, பைத்தியமும் இல்லை. பிள்ளை தெரியும்போது லைட்டைப் போடுங்கள், தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடமும் வலமுமாகப் பலமுறை ஓட்டுங்கள் என்றார். இதற்கென்றே இருக்கும் எஸ்மீஸ் அம்ப்ரெல்லா என்ற அமைப்பைப் பற்றியும் சொன்னார். ஜூடித் பொட்ஸ் என்பவர் தன் தாய் எஸ்மீக்கு இதே காட்சிகள் வந்ததால் தொடங்கிய அமைப்பு அது. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா சேலைத் தலைப்பை விட்டுவிட்டார். அன்றிரவு மாடிக்குப் போகும்போது, "அவ இருக்கிறா, இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

அந்த ஒரு கேள்விக்காகவே இந்தச் சேவைக்கு முழுப் புள்ளியும் கொடுப்பேன்.

அடுத்தது பார்வைப் பயிற்சி. மக்குலாவின் நடு கெட்டுப்போனாலும் அதைச் சுற்றியுள்ள விழித்திரை வேலை செய்கிறது. அந்த ஓரத்தால் பார்க்கப் பழகுவதுதான் பயிற்சி. எங்களுக்குத் தொலைபேசியிலேயே சொல்லித் தந்தார்கள். பார்க்கவேண்டிய பொருளை மணிக்கூட்டின் நடுவாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கண்ணைப் பன்னிரண்டுக்குக் கொண்டுபோ, ஒன்றுக்குக் கொண்டுபோ, இரண்டுக்கு, இப்படியே சுற்றிவர, எந்த எண்ணைப் பார்க்கும்போது நடுவில் உள்ள பொருள் தெளிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் என் மகனை முன்னால் இருத்தினேன். அம்மா ஒவ்வொரு எண்ணாகப் போனார். பதினொன்றுக்கு வந்ததும், "டேய், உனக்கு மீசை வந்திட்டுது!" என்று கத்தினார். பேரனுக்கு மீசை அரும்பி ஒரு வருடமாகிறது.

இப்போது யாரோடு பேசினாலும் அம்மா அவர்களுடைய தலைக்கு மேலே கொஞ்சம் இடப்பக்கமாகத்தான் பார்ப்பார். தெரியாதவர்கள் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்கிறேன். பயிற்சிக்குப் பொறுமை வேண்டும், நாளுக்குப் பத்து நிமிடமாவது செய்யவேண்டும். வாசிப்பு இன்னும் கடினம்தான். தமிழ் எழுத்தில் சுழியும் கொம்பும் கிட்டக்கிட்ட இருப்பதால் ணகரத்தையும் னகரத்தையும் பிரித்தறிய அம்மா நன்றாகச் சிரமப்படுகிறார். பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தால் நாலு வரி வாசிப்பார்.

உரிமை விஷயத்திலும் இவர்களிடம்தான் கற்றேன். பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. கண் வைத்திய நிபுணர் கையெழுத்துப் போட்டால் அது நம் ஊர்க் கவுன்சிலுக்குப் போகும், அதை வைத்து அங்கே பெயரைப் பதியலாம். நாங்கள் போய்வந்த ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருடமாக அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊசி நடந்துகொண்டிருக்கும்போதே கேட்கலாம், நீங்களே கேளுங்கள் என்று உதவி எண்ணில் சொன்னார்கள். அடுத்த முறை கேட்டேன், கிடைத்தது. அம்மாதான் சம்மதிக்கவில்லை. "நான் குருடியெண்டு பதியப் போறியளோ?" என்று அழுதார். பார்வைக் குறைபாடு, கடும் பார்வைக் குறைபாடு என்று பதிவில் இரண்டு படி இருக்கிறது, உங்களுடையது குறைந்த படி, தெருவில் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று விளக்கி ஒரு கிழமைக்குப் பிறகுதான் சரி என்றார். நம் ஆட்கள் கண் வருத்தத்தை ஒளிப்பது எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது. ஒளித்து ஒளித்துத்தான் இரண்டாவது கண்ணையும் பறிகொடுக்கிறார்கள்.

பதிந்த பிறகு கவுன்சிலிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். அடுப்பின் திருகியில் தோடம்பழ நிறத்தில் தடித்த பொட்டு ஒட்டினார், விரலால் தடவினாலே எங்கே நிறுத்துவது என்று தெரியும். அதைவிடப் பெரிய மாற்றம் சாப்பாட்டுக் கோப்பை. வெள்ளைக் கோப்பையில் வெள்ளைச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, அம்மா ஏன் பாதியில் எழும்புகிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடும் நீலக் கோப்பைக்கு மாறிய நாளிலிருந்து முழுக்கச் சாப்பிடுகிறார். கப்பில் கொழுவிவிட்டால் தேத்தண்ணி நிரம்பும்போது கீச்சிடும் சின்னக் கருவியும் வாங்கினோம். அது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

பிறர் உதவி தேவைப்படும் ஓய்வூதிய வயதுக்காரருக்கு அரசு கொடுக்கும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற பணத்துக்கான படிவத்துக்கும் நல்ல ஆலோசனை கிடைத்தது. "சமாளிக்கிறார்" என்று நான் எழுதி வைத்திருந்தேன். அப்படி எழுதாதீர்கள், மருந்தை யார் வாசித்துக் கொடுக்கிறார்கள், கடைசியாக எப்போது தடக்கி விழுந்தார், அதை எழுதுங்கள் என்றார்கள். நம் வாயில் "சமாளிக்கிறார்" என்பது தானாகவே வரும் சொல், கவனமாக இருங்கள். இந்தக் கொடுப்பனவுக்கு வருமானமோ சேமிப்போ பார்ப்பதில்லை.

இனி, கவனிக்கவேண்டியவை. எங்களுக்கு எல்லாமே ஆங்கிலத்தில்தான் நடந்தது, நான் நடுவில் இருந்தேன். அம்மா தனியே அழைத்திருக்க முடியாது. பிள்ளைகள் வேலைக்குப் போகும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை, நான் இதற்காக லீவு போட்டேன். மற்றது, இது வைத்தியம் இல்லை. திடீரென்று கோடு வளைந்தாலோ நடுவில் கறுப்புப் பொட்டு விழுந்தாலோ இங்கே அழைத்துக்கொண்டு இருக்காமல் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

நோயாளிகள் கூடும் குழு ஒன்றுக்கும் அம்மாவைக் கூட்டிப்போனேன். பாஷை விளங்காமல் ஒரு மூலையில் இருப்பார் என்றுதான் பயந்தேன். ஒரு வெள்ளைக்கார மூதாட்டி பக்கத்தில் வந்து இருந்து, அம்மாவின் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தார். அம்மாவும் அவருடைய தலைக்கு மேலே பார்த்துச் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில், "அந்த மனிசி என்னை நேரை பாக்கேல்லை. அப்பவே விளங்கீட்டுது, அவவுக்கும் என்னைப்போலதான்" என்றார். இப்போது மாதா மாதம் போகிறார்.

போன கிழமை ஈஸ்ட்ஹாமிலிருந்து அம்மாவின் சிநேகிதி எடுத்து, புதுக் கண்ணாடியும் சரிவரவில்லை என்று குறைப்பட்டார். அம்மா ரிசீவரைப் பொத்திக்கொண்டு அந்த எண்ணை எடுத்துத் தரச் சொன்னார். அப்புறம் கையை எடுத்துவிட்டு, "முதல்லை ஒண்டு சொல்லுங்கோ. ஒரு கண்ணைப் பொத்திப்போட்டுக் கதவு நிலையைப் பாருங்கோ, நேரா நிக்குதோ?" என்று கேட்டார்.