மரப்பெட்டி வால்வு ரேடியோ: டிரான்ஸ்பார்மர் செட்டா, ஏசி/டிசி செட்டா?

அலமாரியில் ஒரே ஒரு இடம்தான் காலி. கைக்கு வந்ததோ இரண்டு ரேடியோ, இரண்டும் 1950களில் செய்தவை. ஒன்று டிரான்ஸ்பார்மர் செட், அதாவது வீட்டுக் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் உள்ளே போகும். மற்றது டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஏசி, டிசி இரண்டிலும் ஓடுவது. டிரான்ஸ்பார்மர் செட்டைத்தான் வைத்துக்கொண்டேன்.

சத்தம், டயல் வெளிச்சம், பெட்டியின் அழகு இவற்றில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பழைய மெழுகுக் காகிதக் கெபாசிட்டர்களை இரண்டிலும் மாற்றித்தான் ஆக வேண்டும். தூக்கினால் ஏசி/டிசி செட் லேசாக இருக்கும், அவ்வளவுதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது சேசிஸ், அதாவது வால்வுகள் நிற்கும் உலோகத் தட்டு. ஏசி/டிசி செட்டில் மின்கம்பியின் ஒரு முனை நேராகச் சேசிஸில் சேர்ந்திருப்பதுதான் வழக்கம். பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் சேசிஸ் முழுக்கக் கரண்ட். திருப்பிச் செருகினால்? ஸ்விட்ச் சேசிஸுக்குப் போகும் கம்பியில் இருந்தால், ரேடியோவை அணைத்து வைத்தபோதும் ஹீட்டர்கள் (வால்வுகளைச் சூடாக்கும் இழைகள்) வழியாகக் கரண்ட் சேசிஸுக்கு வந்துவிடும். நாபைப் பிடித்திருக்கும் குட்டித் திருகில் டெஸ்டரை வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. பெட்டியின் அடியில் சேசிஸைப் பிடிக்கும் திருகுகளும் அப்படியே. செய்தவர்கள் இதைத் தெரிந்துதான் அந்தக் குழிகளை மெழுகால் அடைத்தார்கள். மரத்தைச் சுரண்டிப் பாலிஷ் போடும் நாம் அந்த மெழுகையும் அழுக்கென்று எடுத்துவிடுகிறோம்! பெட்டியைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க ஆபத்து கூடுகிற செட் எனக்கு வேண்டாம்.

அப்புறம் சூடு. ஏசி/டிசி செட்டில் ஹீட்டர்கள் சீரியல் லைட் மாதிரி வரிசையாக நிற்கும். ஒன்று போனால் எல்லாம் இருட்டு. யூசிஎச் 42, யூஎஃப் 41, யூபிசி 41, யூஎல் 41, யூஒய் 41 என்ற ஐந்து வால்வுகளும் சேர்ந்து சுமார் 117 வோல்ட்தான் எடுக்கும். 230 வோல்ட்டில் மிச்சத்தை ஒரு மின்தடை தாங்க வேண்டும். 0.1 ஆம்பியரில் அது 11 வாட்டுக்கு மேல், அத்தனையும் மூடிய மரப்பெட்டிக்குள் வெறும் சூடு. என் கைக்கு வந்த ஏசி/டிசி செட்டில் அதற்கு நேர் மேலே இருந்த வெனீர்தான் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு) எழும்பியிருந்தது. மற்ற செட்டுகளிலும் இப்படித்தானா என்று ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்ல முடியாது.

டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்தால் கணக்கே மாறும். ரீவைண்டிங் (கம்பியைப் புதிதாகச் சுற்றுவது) நான் செய்ததில்லை, அதனால் அந்தப் பாட்டை எடை போட எனக்கு அனுபவம் போதாது. டிரான்ஸ்பார்மர் செட்டை வாங்கும் முன் வால்வுகளையும் டயல் பல்பையும் கழற்றிவிட்டு, 40 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்துப் பாருங்கள். பல்பு நன்றாக எரிந்தால் விட்டுவிடலாம்.

வால்வுப் பெயர் யூ-வில் தொடங்கினால் பெரும்பாலும் ஏசி/டிசி, ஈ-யில் தொடங்கினால் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர். பிலிப்ஸ் செட்டில் மாடல் எண்ணின் கடைசி எழுத்தே சொல்லிவிடும்: ஏ என்றால் ஏசி மட்டும், யூ என்றால் இரண்டும். யூ செட்தான் பிடித்திருக்கிறது என்றால் சரி, ஆனால் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் (வீட்டுக் கரண்டோடு நேர் தொடர்பைத் துண்டிப்பது) இல்லாமல் பின்மூடியைக் கழற்றி வேலை பார்க்காதீர்கள்.