நாலரை ஸ்டாரை எந்த நாளில் கொடுத்தார்கள்?

மூன்று வார லீவில் வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவருக்கு நாலு பேரிடம் விசாரித்துப் பார்க்க நேரம் இருப்பதில்லை. தங்கும் இடம், வாடகை கார், பல் டாக்டர், போன் ரிப்பேர் எல்லாமே விமானம் ஏறுமுன் கூகுள் மேப்பைப் பார்த்து முடிவாகிவிடுகிறது. அந்த ரிவ்யூக்களை எவ்வளவு நம்பலாம் என்பது வேலைக்கு வேலை மாறும்.

ஒரு ராத்திரி தங்கினாலே அறை எப்படி, தண்ணீர் வந்ததா, தூங்க முடிந்ததா என்று சொல்லிவிடலாம். லாட்ஜ் ரிவ்யூவில் அதனால் ஓரளவு சத்து உண்டு. பல்லுக்கு கேப் போட்ட அன்றே ஐந்து ஸ்டார் கொடுத்தவருக்கோ டாக்டரின் கனிவான பேச்சும் சுத்தமான அறையும்தான் தெரியும். கடிக்கும்போது கேப் உயரமாக இடிக்கிறதா என்பது மரத்துப்போனது தெளிந்த பிறகுதான் புரியும். ஈறோரத்தில் இடைவெளி விட்டிருந்தால் அது வெளிப்பட மாதக்கணக்கில் ஆகும். வந்து போகிறவர்கள் எழுதும் ரிவ்யூ சறுக்குவது இங்கேதான். கேப் கழன்று விழும்போது அவர் வேறு நாட்டில் இருப்பார், அவர் கொடுத்த ஐந்து ஸ்டார் இங்கேயே நிற்கும். ஆகவே ரிவ்யூக்களுக்குள் தேடும் வசதியில் ‘மாசம்’, ‘மறுபடியும்’, ‘வாரண்டி’, ‘அட்வான்ஸ்’ என்று போட்டுப் பாருங்கள். அப்படிக் கிடைக்கும் பத்து ரிவ்யூ, மேலோட்டமான நூறு ரிவ்யூவை விட உதவும்.

போன் ரிப்பேர் கவுன்டரில் நடப்பதையும் கவனிக்க வேண்டும். டிஸ்ப்ளே மாற்றிய போனைக் கையில் கொடுத்ததுமே ஒரு க்யூஆர் அட்டையை நீட்டுவார்கள். ஸ்கேன் செய்தால் சில இடங்களில் நேரே கூகுள் திறக்காது. எத்தனை ஸ்டார் என்று கேட்கும் கடையின் சொந்தப் பக்கம் வரும். நான்கோ ஐந்தோ தொட்டால் கூகுளுக்கு அனுப்பும். மூன்றும் அதற்குக் கீழும் என்றால் ‘உங்கள் குறையைச் சொல்லுங்கள்’ என்று ஒரு பெட்டி வரும், அதில் எழுதுவது முதலாளிக்கு மட்டும் போகும். கெட்ட ரிவ்யூவை இப்படி வடிகட்டுவதை கூகுளின் விதி தடை செய்கிறது, ஆனாலும் நடக்கிறது. ஒரே ஊழியரின் பெயரைச் சொல்லிப் பாராட்டும் ஒற்றை வரிகள் வரிசையாக வந்தால் கேட்டு வாங்கியது என்று எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. டச் ஓரங்களில் வேலை செய்கிறதா, பேசும்போது காதில் வைத்தால் திரை அணைகிறதா என்று பார்க்கும் முன்பே எழுதிவிட்டார், அவ்வளவுதான்.

சராசரியை மாற்றுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு ஒரு கணக்கு. 40 பேர் போட்ட சராசரி 3.5 என்று வையுங்கள். காசு கொடுத்து 60 ஐந்து ஸ்டார் வாங்கினால் அது 4.4 ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க வரிசையை ‘புதியவை’ என்று மாற்றித் தேதிகளைப் பாருங்கள். மாதம் இரண்டு மூன்று வந்துகொண்டிருந்த இடத்தில் ஒரே வாரத்தில் முப்பது நாற்பது குவிந்திருந்தால், எழுதியவர்களின் பெயரைத் தொட்டு அவர்களது மற்ற ரிவ்யூக்களைப் பாருங்கள். ஒரே நாளில் ஐந்து ஊர்களில் ஐந்து டாக்டரைப் புகழ்ந்தவர் நோயாளி அல்ல.

கடை கைமாறி, தொழிலே மாறியும் பழைய ஸ்டார்கள் புதுப் பெயருக்குக் கீழே தொடர்வதுண்டு. பழைய போட்டோக்களில் இருக்கும் பெயர்ப்பலகை காட்டிக்கொடுக்கும். அதே பலகையில் உள்ள போன் நம்பரையும் மேப்பில் உள்ள நம்பரையும் ஒப்பிடுங்கள். மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்பதால் நம்பரை மாற்றி முன்பணம் பறிக்கும் மோசடிகள் நடந்திருக்கின்றன. நம்பர் பொருந்தாவிட்டால் பணம் அனுப்பாதீர்கள்.

கூகுளில் ரிவ்யூ போட அங்கே போனதற்கான அத்தாட்சி எதுவும் கேட்பதில்லை. தங்கும் இடம் பதிவு செய்ய உதவும் புக்கிங்.காம், ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் அவற்றின் வழியே பதிவு செய்தவர்தான் எழுத முடியும். ஏர்பிஎன்பியில் தங்கியவர், இடம் கொடுத்தவர் என இரு தரப்பும் எழுதும் வரை, அல்லது 14 நாள் முடியும் வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பழிவாங்கும் பயம் இதனால் குறைகிறது. ஆனால் நல்ல மனிதரிடம் தங்கிவிட்டு ஒழுகும் குழாயைப் பற்றி எழுதத் தயங்கும் தாட்சண்யத்தை இது போக்குவதில்லை. அங்கே 4.9-ஐயும் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டும்.

சட்டம் மெல்ல வருகிறது. இந்தியா 2022-இல் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. அது கட்டாயமாக இல்லாமல், நிறுவனங்கள் தாமாக ஏற்பதாகவே வந்தது. அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து போலி ரிவ்யூ விற்பதும் வாங்குவதும் அபராதத்துக்குரியவை.

நீங்கள் எழுதும்போது எந்த வேலை, என்ன தேதி, சொன்ன தொகை, கடைசியில் கொடுத்த தொகை நான்கையும் போடுங்கள். திரும்பி வந்த மூன்றாம் மாதம் அதே ரிவ்யூவைத் திறந்து, கேப் அசைகிறதா, டிஸ்ப்ளேயில் கோடு விழுந்ததா என்று ஒரு வரி சேர்த்து, வேண்டுமானால் ஸ்டாரையும் மாற்றுங்கள். அடுத்த லீவுக்கு வருகிறவர் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.