டிஸ்சார்ஜ் புக்கை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்

இதை எழுத அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊர் சிரிக்கும்மா" என்றார். பேர், ஊர், படைப்பிரிவு எதையும் போடமாட்டேன் என்று சொன்ன பிறகுதான் தலையாட்டினார். வேலூர் மாவட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. அதை நம்பித்தான், விட்டுப்போன மெடலை வாங்கித் தருகிறேன் என்று அப்பாவிடம் பணம் பிடுங்கிய ஒரு ஆளும் இங்கே கடை விரித்திருக்கிறார்.

அப்பா 1969-இல் சேர்ந்தவர். டிரைவர். 1986-இல் ஹவில்தாராகப் பென்ஷன் வந்தார். 1971 போரின்போது திரிபுராவில் இருந்தார். தெலியாமுராவிலிருந்து அகர்தலா போகும் மலைப்பாதையில், முன்விளக்கைப் போடாமல், முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு சக்திமான் லாரி ஓட்டிய கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் (பட்டாளத்திலிருந்து வெளிவரும்போது தரும் பணிப் பதிவுப் புத்தகம்) மெடல் பக்கத்தில் மூன்றே மூன்று இருக்கும். சங்க்ராம் மெடல், சுதந்திர வெள்ளிவிழா மெடல், 9 வருட லாங் சர்வீஸ் மெடல். கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குத் தந்த பூர்வி ஸ்டார் இல்லை. (மேற்கு முனைக்குப் பச்சிமி ஸ்டார்.)

இத்தனை வருஷம் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. 2021 டிசம்பரில், போர் முடிந்து 50 ஆண்டு ஆனதற்காக ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே அவருடைய பழைய யூனிட்காரர் ஒருவர் நெஞ்சில் நட்சத்திரம் தொங்க வந்திருக்கிறார். "நாம ரெண்டு பேரும் ஒரே கான்வாய்தானேப்பா, உன்னோடது எங்க?" என்று கேட்டிருக்கிறார். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை என்று அம்மா எனக்கு போன் செய்தார். நான் சென்னையில் இருக்கிறேன். "வர்றப்போ பார்க்கலாம்" என்று சொல்லி விட்டுவிட்டேன். அது என் தப்பு.

இரண்டு மாதம் கழித்து, மிலிட்டரி கேன்டீன் வரிசையில் அந்த ஆள் சிக்கினார், அல்லது அப்பா அவரிடம் சிக்கினார். ஐம்பது வயதிருக்கும், குட்டையாக வெட்டிய முடி, கையில் பச்சை நிற ஜிப் ஃபைல். தானும் எக்ஸ்-சர்வீஸ்மேன், டெல்லியில் மெடல் செக்‌ஷனில் வேலை பார்த்தவன் என்றாராம். பேச்சை ஆரம்பித்ததே "ஜெய் ஹிந்த், சாப்" என்றுதான். பட்டாளத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், சாப் என்பது சுபேதார் வகையறாவுக்கு. ஹவில்தாரை அப்படி யாரும் கூப்பிடமாட்டார்கள். அப்பா 17 வருஷம் அடுத்தவர்களை சாப் என்று கூப்பிட்டே வீடு திரும்பியவர். அந்த ஒரு வார்த்தையில் பாதி விழுந்துவிட்டார் என்பது என் கணிப்பு.

மீதிப் பாதிக்கு அவர் சொன்ன பொய் இது. பூர்வி ஸ்டார் புக்கில் ஏறினால் பென்ஷனில் மாதம் இரண்டாயிரம் கூடும், 1972-இலிருந்து அரியர்ஸ் கணக்குப் போட்டு மொத்தமாக வரும். தயவுசெய்து இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள்: போரில் பங்கெடுத்ததற்கும் இத்தனை வருஷம் பணி செய்ததற்கும் தருகிற மெடல்களுக்குப் பணப்படி கிடையாது. மாதப்படி உள்ளவை பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா, அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌரிய சக்ரா, வீரத்துக்கான சேனா மெடல் போன்ற வீரதீர விருதுகள். அவை விட்டுப்போனால் ஐம்பது வருஷம் யாருக்கும் தெரியாமல் இருக்காது. ஸ்டாருக்கு அரியர்ஸ் என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார், அவ்வளவுதான்.

பணம் போன வரிசையைச் சொல்கிறேன். விண்ணப்பத்துக்கு 3,000. அப்புறம் 'பழைய ஆவணம் தேட' 12,000. அப்புறம் டெல்லி போய்வர 15,000. கடைசியாக மெடல், ரிப்பன், பெட்டிக்கு 8,500. ஆக 38,500 ரூபாய். முதல் தொகை கையில் கொடுத்தது. மற்றது எல்லாம் வேறொரு பெயரிலிருந்த போன் நம்பருக்கு, பக்கத்து வீட்டுப் பையனை வைத்து அனுப்பியது. ஒரு நாள் போன் செய்து, "ஸ்பர்ஷ்ல ஏத்தணும் சாப், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்றும் கேட்டிருக்கிறார். பட்டாளத்துப் பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் அமைப்பு வழியாகத்தான் வருகிறது. அந்த நேரம் பார்த்து அப்பாவின் போனில் சார்ஜ் போய்விட்டது. கரண்ட் இல்லாததற்கு நாங்கள் நன்றி சொன்னது அன்று ஒருநாள்தான்.

பணத்தைவிடப் பெரிய விஷயம், அசல் டிஸ்சார்ஜ் புக்கையும் அந்த ஆள் வாங்கிக்கொண்டு போனது. ஏழு மாதம் அது அவரிடம் இருந்தது. அம்மாவுக்கு அது தெரியும், எனக்குத் தெரியாது.

2022 அக்டோபரில் புத்தகம் திரும்பி வந்தது. மெடல் பக்கத்தில் நாலாவது வரியாக, நீல மையில், பெரிய எழுத்தில் பூர்வி ஸ்டார் என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை. கூடவே வெல்வெட் பெட்டியில் நட்சத்திரம். அப்பா அதைத் தெருவில் எல்லோரிடமும் காட்டினார். தீபாவளிக்கு நான் போனபோது என்னிடமும் காட்டினார். நானும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

குட்டு வெளிப்பட்டது 2023 மார்ச்சில். அடையாள அட்டை விஷயமாக முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போயிருந்தோம். அங்கிருந்தவரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். விரலை முத்திரைக்குக் கீழே வைத்து, "ஐயா, இது யார் எழுதினது?" என்று கேட்டார். அப்பா பெருமையாக, ரெக்கார்ட் ஆபீஸ் (படைவீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) என்றார். அவர் தேதியைப் படித்துக் காட்டினார். 02.10.2022. காந்தி ஜெயந்தி. போதாததற்கு அன்று ஞாயிற்றுக்கிழமை வேறு.

பிறகு அவர் மெடல்களைக் கேட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்து காட்டினோம். சங்க்ராம் மெடலை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து விளிம்பைக் காட்டினார். அப்பாவின் நம்பர், ரேங்க், பேர், பொடி எழுத்தில் சுற்றிலும் பொறித்திருந்தது. நாற்பது வருஷமாக வீட்டில் இருக்கும் மெடல், நான் அன்றுதான் அந்த எழுத்தைப் பார்த்தேன். புது நட்சத்திரத்தில் முன்னாலும் பின்னாலும் அப்பாவின் பேரும் நம்பரும் எங்கேயும் இல்லை. ரிப்பனும் மெடலும் செய்து விற்கிற கடைகள் நிறைய உண்டு, காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம்.

அப்பா வாயே திறக்கவில்லை. எனக்கு உறைத்தது வேறு ஒன்று. அரசாங்கப் புத்தகத்தில் போலிப் பதிவு, போலி முத்திரை. அது இருப்பது அப்பாவின் புத்தகத்தில். வேறு யாராவது பார்த்திருந்தால் திருட்டுத்தனம் செய்தவர் அப்பாதான் என்று எழுதியிருப்பார்கள். இவர் நல்ல மனிதர். நடந்ததை எழுதி, அசலோடு நீங்களே ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய்க் கொடுத்துவிடுங்கள் என்றார். சரி வழியையும் அவர்தான் உட்காரவைத்துச் சொன்னார்.

அவர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. பட்டாளத்தில் ஒருவருக்கு என்ன நடந்தாலும், லீவோ பிரமோஷனோ கல்யாணமோ குழந்தை பிறப்போ மெடலோ, யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்று ஒன்று வெளியாகும். அது ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய் அவருடைய ஷீட் ரோலில், அதாவது அங்கே இருக்கும் அவருடைய பணிப்பதிவில், ஏறும். டிஸ்சார்ஜ் புக்கில் இருப்பது அந்தப் பதிவுகளின் வழி வந்தது. ஷீட் ரோலில் இல்லாததைப் புத்தகத்தில் தங்கத்தால் எழுதினாலும் செல்லாது. டெல்லிக்குப் போக வேண்டிய வேலையும் இல்லை. அவரவர் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ்தான் முதல் வாசல். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சேப்பர்ஸுக்கு பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக், இ.எம்.இ.க்கு செகந்திராபாத். டிஸ்சார்ஜ் புக்கிலேயே முகவரி இருக்கும்.

நாங்கள் அனுப்பியது ஒன்றரைப் பக்கக் கடிதம். நம்பர், ரேங்க், பேர், சேர்ந்த தேதி, பென்ஷன் வந்த தேதி, 1971-இல் எந்த யூனிட், எந்த இடம், எந்த மெடல் விட்டுப்போயிருக்கிறது. கூட டிஸ்சார்ஜ் புக்கின் ஜெராக்ஸ், பென்ஷன் ஆர்டரின் ஜெராக்ஸ், அப்பாவே கையெழுத்துப் போட்டது. அந்தப் பழைய யூனிட்காரர் தன் புத்தகத்தின் மெடல் பக்கத்தையும் நகல் எடுத்துத் தந்தார், அதையும் வைத்தோம். ரெஜிஸ்டர் தபால். கட்டணம் என்று யாரும் கேட்கவில்லை. பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) ஷீட் ரோல் நகலும் மெடல் பதிவும் கேட்கலாம், 30 நாளில் பதில் தரவேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. அதற்கும் மேலே ஆயுதப்படைத் தீர்ப்பாயம் சென்னையிலேயே இருக்கிறது, ஆனால் ஒரு மெடலுக்காக அவ்வளவு தூரம் போகவேண்டி வருவது அபூர்வமாகத்தான் இருக்கும்.

போலிப் பதிவு உள்ள அசலை நாங்கள் நேரில் கொண்டுபோனோம். ஒரு அறையில் அப்பாவை அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். இருந்தாலும் அப்பா அட்டென்ஷனில் நின்றே பதில் சொன்னார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்து, 'ரத்து' என்று ஆங்கிலத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தந்தார்கள். நாற்பது வருஷம் பாலிதீன் உறையில் போட்டு, டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு நடுவில் வைத்துக் காத்த புத்தகம் அது.

ஏழு வாரத்தில் பதில் வந்தது. அந்தக் காலத்துப் பார்ட் டூ ஆர்டரில் பூர்வி ஸ்டார் வாங்கியவர்கள் பட்டியலில் அப்பா பேர் இருந்திருக்கிறது. சர்வீஸ் நம்பரில் இரண்டு இலக்கம் இடம் மாறி டைப் ஆகியிருந்ததால் அவருடைய ஷீட் ரோலில் ஏறவில்லை. இப்போது திருத்தி ஏற்றியாயிற்று, மெடல் பின்னால் வரும். இவ்வளவுதான் விஷயம். 38,500 ரூபாய்க்கு அந்த ஆள் 'தேடிய' ஆவணம், 40 சொச்சம் ரூபாய்த் தபாலில் கிடைத்தது.

கூடவே, கடினமான பகுதிகளில் பணி செய்தவர்களுக்குத் தரும் சைன்ய சேவா மெடலும் கேட்டிருந்தோம். அதற்கு வேண்டிய நாள் கணக்கு அப்பாவுக்கு நிறையவில்லை என்று எழுதியிருந்தார்கள். அப்பா விரல்விட்டு எண்ணிப் பார்த்து, சரிதான் என்றார்.

ஒரு விஷயத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம். அப்பா பென்ஷன்காரர், அதனால் கோப்பு இருந்தது. பென்ஷன் இல்லாமல் பாதியில் வெளிவந்தவர்களின் கோப்பை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், அந்த டிஸ்சார்ஜ் புக்தான் இருக்கிற ஒரே ஆதாரமாகக்கூட இருக்கலாம். அதைப் போய் முன்பின் தெரியாதவன் கையில் கொடுப்பதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

போலீசுக்குப் போகலாம் என்றபோது அப்பா மறுபடியும் "ஊர் சிரிக்கும்" என்றார். மனம் மாறியது 2024 ஜனவரியில்தான். புது நம்பரிலிருந்து அதே குரல். "ஜெய் ஹிந்த் சாப், இன்னொரு மெடலும் விட்டுப்போயிருக்கு போல." நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா, "நான் ஹவில்தார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அன்று மாலையே ஸ்டேஷனுக்கு வந்தார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்தார்கள். ஆன்லைனில் போன பணத்துக்கு உடனே 1930-க்கு (சைபர் குற்ற உதவி எண்) அடித்திருந்தால் நிறுத்தியிருக்க வாய்ப்புண்டு, ஒன்றரை வருஷம் கழித்துக் கஷ்டம் என்றார் அங்கிருந்த எஸ்.ஐ. போலி நட்சத்திரத்தைப் பெட்டியோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கமே இதே ஆளிடம் இன்னும் இரண்டு பேர் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒருவர் விதவை. அவருடைய கணவரின் டிஸ்சார்ஜ் புக் இன்னும் திரும்பி வரவில்லை. பச்சை ஜிப் ஃபைல், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, டெல்லியில் வேலை பார்த்ததாகச் சொல்வார். கேன்டீன் வாசலில் பார்த்தாலோ, ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தாலோ எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், புகார் எண் தருகிறேன். மூன்று பேர் சேர்ந்தால் எஃப்.ஐ.ஆர். போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது இரண்டு பேர் இருக்கிறோம். அந்த அம்மா இன்னும் யோசிக்கிறார்.