வேன் செட்டுக்கு எந்த அம்ப்? 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

ஹட்டன், நுவரெலியா பக்கம் வேனுக்குச் செட் போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அம்ப் (பாட்டின் சத்தத்தைக் கூட்டும் அம்ப்ளிஃபயர்) பெட்டியில் அச்சடித்திருக்கும் வொட் கணக்கைத்தான். 3000 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது கண நேர உச்ச அளவு, அதை விட்டுவிட்டு ஆர்எம்எஸ் வொட்டை, அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவைப் பாருங்கள். அதற்கும் முன்னால், அந்த வொட்டுக்கான கரண்டை உங்கள் வண்டியால் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

அம்பில் கிளாஸ் ஏபி, கிளாஸ் டி என்று இரண்டு வகை அதிகம் புழங்குகிறது. கிளாஸ் ஏபி அம்ப் முழுச் சத்தத்தில் ஓடும்போதே, இழுக்கிற கரண்டில் கிட்டத்தட்ட பாதியைச் சூடாக்கிக் கழித்துவிடும். கிளாஸ் டி சுமார் 80 சதவீதத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும். 1000 வொட் ஆர்எம்எஸ் எடுக்க, 13.8 வோல்ட்டில் டி சுமார் 90 அம்பியர் இழுக்கும், ஏபி 145. பாட்டு எந்நேரமும் உச்சத்தில் ஓடாததால் சராசரி இதைவிட நன்றாகக் குறையும். ஆனாலும் பேஸ் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறதே, அது இந்த இழுவையால்தான். அதனால் சப்வூஃபருக்கு (பேஸ் மட்டும் கொடுக்கும் பெரிய ஸ்பீக்கர்) டி, யோசிக்கவே வேண்டாம். முன் கதவு ஸ்பீக்கருக்கு, கைவசம் நல்ல ஏபி நாலு சேனல் அம்ப் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ‘ஏபியில்தான் குரல் இனிமை’ என்பார்கள். எஞ்சின் சத்தத்துக்கும் ஹோர்னுக்கும் நடுவில் அந்த வித்தியாசம் என் காதுக்கு எட்டியதில்லை.

மலை ஏற்றத்தில் பெட்டரி இறங்கும் என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டாம் கியரில் எஞ்சின் நல்ல சுற்றில்தான் ஓடுகிறது, சார்ஜும் ஏறுகிறது. சிக்கல் நிறுத்தத்தில். சென் கிளயர் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, செட்டை மட்டும் அலறவிட்டால், எஞ்சின் ஓடும்போது இருந்த 14.4 வோல்ட் 12க்கு வந்துவிடும். உள்ளே வோல்ட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் சப்ளை இல்லாத அம்பில் வொட் வோல்ட்டின் வர்க்கத்தோடு குறையும், அதாவது ஏறக்குறைய 30 சதவீதம் காணாமல் போகும். டவுன் நெரிசலில் ஐடிலில் நிற்கும்போதும் அல்டர்நேட்டர் (எஞ்சினோடு சுற்றி கரண்டை உண்டாக்குவது) தன் முழு அளவைத் தராது.

டொல்பின் (டொயோட்டா ஹயேஸ்) போன்ற 12 வோல்ட் வேனுக்கு 500 வொட் டி போதும் என்பது என் கணிப்பு. 1000 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே, காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும். அதற்கு மேல் போவதென்றால் அம்பை மாற்றுமுன் பெரிய அல்டர்நேட்டர் பாருங்கள். இரண்டாவது பெட்டரி சேமித்து வைக்கும், கரண்டை உண்டாக்காது.

ரோசா, கோஸ்டர், லேலண்ட் பஸ்களில் பெரும்பாலும் 24 வோல்ட், அம்போ 12 வோல்ட்டுக்குரியது. இங்கே நடக்கிற பெரிய கூத்து, இரண்டு பெட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது. செலவில்லாத வழிதான். ஆனால் அந்தப் பெட்டரி நாளுக்கு நாள் இறங்கும், மற்றது அளவுக்கு மிஞ்சி சார்ஜாகும், கடைசியில் இரண்டுமே கெடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வேட்டர் போடுவதே சரி. அதிலும் அம்பியரைக் கேட்டு வாங்குங்கள்: 30 அம்பியர் கன்வேட்டரால் டி அம்புக்கு 330 வொட் அளவில்தான் ஊட்ட முடியும். பெரிய சப் வேண்டுமென்றால் செட்டுக்குத் தனி 12 வோல்ட் பெட்டரி வைத்து, அதை 24இலிருந்து சார்ஜ் செய்யும் சார்ஜர் போடலாம்.

16 வோல்ட் பெட்டரி, சத்தப் போட்டிக்குச் செட் போடுகிறவர்களுக்கு. 14.4 வோல்ட் அல்டர்நேட்டரால் அதை நிரப்பவே முடியாது.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். 4 கேஜ் தடிப்புள்ள சுத்தச் செம்பு வயரில் 5 மீற்றருக்கு 90 அம்பியர் போனால் 0.37 வோல்ட் இழப்பு. செம்பு பூசிய அலுமினியத்தில் அது அரை வோல்ட்டைத் தாண்டும். பெட்டரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் இருக்கட்டும். வயரிங் பாஸ் அம்புக்குப் பக்கத்தில் மட்டும் போட்டால், இடையில் வயர் உரசி வண்டியின் இரும்புப் பொடியில் (உடலில்) பட்டாலும் அந்தப் பியூஸ் போகாது, வயர்தான் எரியும்.