எனர்ஜி மானிட்டரிங் சிஸ்டம்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

எங்கள் ஆலையில் எனர்ஜி மானிட்டரிங் சிஸ்டம் போட்டு மூன்று வருடம் ஆகிறது. போட்ட புதிதில் எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன், ஆறாவது மாதத்தில் எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது எது பலன் தந்தது, எது தரவில்லை என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், வாங்கி மாட்டிவிட்டு அந்தத் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் செய்வது ஸ்டீல் போல்ட், நட்டு. கம்பியை இழுத்து, தலை அடித்து, மரை உருட்டி, ஃபர்னஸில் விட்டுக் கடினப்படுத்தி, துத்தநாக முலாம் பூசி அனுப்புவோம். நான் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். கரன்ட் பில் பெரிது என்று ஆலையில் எல்லோருக்கும் தெரியும், அது எங்கே போகிறது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. ஃபர்னஸ் ஆட்கள் கம்ப்ரசரைக் காட்டுவார்கள், கம்ப்ரசர் ரூமில் கேட்டால் முலாம் பகுதியைக் காட்டுவார்கள். இருந்தது ஒரே ஒரு மெயின் மீட்டர், மாதம் ஒரு எண், அவ்வளவுதான்.

வாங்கியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று அந்த பில். இன்னொன்று சிபிஏஎம், அதாவது ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் வரும் சரக்குக்குக் கார்பன் கணக்குக் கேட்கும் விதி. 2023 அக்டோபர் 1 முதல் கணக்குக் காட்டும் கட்டம், 2026 ஜனவரி 1 முதல் பணம் சம்பந்தப்பட்ட கட்டம். இரும்பு, ஸ்டீல் பொருட்களில் போல்ட்டும் ஸ்க்ரூவும் வெளிப்படையாகவே பட்டியலில் இருக்கின்றன. வாங்குகிறவர்களிடமிருந்து எக்செல் ஷீட் வர ஆரம்பித்தது, ஒரு டன் போல்ட்டுக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு என்று எழுது என்று. சிஸ்டம் விற்க வந்தவர்கள், இதை மாட்டினால் பில்லும் குறையும், அந்த ஷீட்டும் தானாக நிரம்பும் என்றார்கள். முதல் பாதி நடந்தது. இரண்டாவது பாதியைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் மாட்டுவது பற்றி. பதினெட்டு சப் மீட்டர், ஒவ்வொன்றுக்கும் மூன்று சிடி (கேபிளைச் சுற்றி மாட்டி அதில் ஓடும் கரன்ட்டை அளக்கும் வளையம்), எல்லா மீட்டரின் எண்ணையும் சேர்த்து அனுப்ப ஒரு கேட்வே. இரண்டு நாள் ஷட்டவுனில் முடித்துவிட்டார்கள், டேஷ்போர்டில் கலர் கலராகக் கோடுகள் ஓட ஆரம்பித்தன, எங்களுக்கும் சந்தோஷம். ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சப் மீட்டர் எல்லாவற்றையும் கூட்டினால் மெயின் மீட்டரோடு ஒத்துவரவில்லை. கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்தான், லைட், ஆபீஸ், கேபிளில் போகும் நஷ்டம் என்று. ஆனால் இது அந்த அளவில் இல்லை. கேட்டால், மீட்டர் போடாத லோடு எங்கேயோ இருக்கும் சார் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் அதை நம்பினோம். கம்ப்ரசர் நாங்கள் நினைத்ததைவிட மிகக் குறைவாகத்தான் எடுக்கிறது என்று மேலே ரிப்போர்ட்டும் கொடுத்தாயிற்று.

அப்புறம் ஒருநாள் எங்கள் எலக்ட்ரீஷியன் கம்ப்ரசர் பேனலைத் திறந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு சிடி-யின் மேல் இருக்கும் அம்புக்குறியையும் பார்த்தார். இரண்டு அம்பு மோட்டாரைப் பார்த்து நிற்க, மூன்றாவது மட்டும் பிரேக்கரைப் பார்த்து நின்றது. தலைகீழாக மாட்டிவிட்டார்கள். மூன்று ஃபேஸில் ஒன்று கழித்தலாகப் போனால் ஒன்றும் ஒன்றும் கூட்டி ஒன்றைக் கழித்தது போல ஆகிவிடும், உண்மையான லோடில் மூன்றில் ஒரு பங்குதான் திரையில் தெரியும். திருப்பி மாட்டிய அடுத்த நிமிடமே எண் மூன்று மடங்கானது, மெயின் மீட்டரோடும் கணக்கு சரியாக உட்கார்ந்தது. ஆலையில் கரன்ட்டை அதிகமாக விழுங்குவது ஃபர்னஸ், அதற்கு அடுத்தது கம்ப்ரசர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நீங்கள் மாட்டினால் முதல் வாரமே இதைப் பாருங்கள்: எல்லா சப் மீட்டரின் கூட்டல் மெயினோடு பொருந்துகிறதா, ஒவ்வொரு மீட்டரிலும் மூன்று ஃபேஸின் கிலோவாட்டும் தனித்தனியாகப் பிளஸ்ஸில் இருக்கிறதா. பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரன்ட்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் போகிறது என்ற விகிதம்) ஒரு ஃபேஸில் மட்டும் மைனஸில் நின்றால் அங்கே போய்ப் பேனலைத் திறந்துவிடுங்கள்.

மூன்று வருடத்தில் அதிகம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை இரவின் கிராஃப்தான். உற்பத்தி இல்லை, ஆள் இல்லை, ஆனாலும் கோடு தரையைத் தொடவில்லை. வேலை நாளில் எடுப்பதில் கணிசமான பங்கை ஒன்றுமே செய்யாமல் எடுத்துக்கொண்டிருந்தோம். எது எது என்று பார்த்தால் கம்ப்ரசர், ஃபர்னஸ், யாரும் நிறுத்தாத கூலிங் டவர் பம்ப்.

கம்ப்ரசருக்கு எளிதான ஒரு சோதனை உண்டு, சிஸ்டமே இல்லாதவர்களும் செய்யலாம். காற்று பயன்படுத்தும் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். லீக் இல்லை என்றால் ஒரு முறை நிரப்பிவிட்டு அது சும்மா இருக்க வேண்டும். எங்களுடையது 40 விநாடி லோடு (காற்றை நிரப்பும் நேரம்), 75 விநாடி அன்லோடு (நிரப்பாமல் சும்மா இருக்கும் நேரம்) என்று மாறி மாறி ஓடியது. 40-ஐ மொத்தம் 115-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 35 சதவீதம், அதாவது கம்ப்ரசர் தரக்கூடிய காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லீக்கிலேயே போகிறது. சரியாகப் பராமரிக்காத ஆலைகளில் 20, 30 சதவீதம் சகஜம் என்று படித்திருக்கிறேன், நாங்கள் அதையும் தாண்டியிருந்தோம். அந்த ஞாயிறு சோப்புத் தண்ணீர் பாட்டிலும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு நாலு பேர் லைன் முழுக்க நடந்தோம். மெஷின் சத்தம் இல்லாததால் காதுக்கே கேட்டது, பாம்பு சீறுகிற மாதிரி. ஹெடிங் மெஷின்களின் பின்னால் இருந்த புஷ் ஃபிட்டிங்குகளில் நுரை பொங்கிப் பொங்கி வந்தது. எழுபதுக்கு மேல் டேக் கட்டினோம், பாதிக்கு மேல் அன்றைக்கே புதுச் சீலோ ஃபிட்டிங்கோ போட்டு அடைத்துவிட்டோம். அதற்குப் பிறகு பிரஷரையும் 7.5 பாரிலிருந்து 6.5-க்கு இறக்கினோம், 1 பார் குறைத்தால் கம்ப்ரசர் கரன்ட்டில் சுமார் 6, 7 சதவீதம் மிச்சம். எந்த மெஷினும் நிற்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, லீக் திரும்ப வரும். எட்டு மாதம் விட்டோம், கோடு மறுபடி மேலே ஏறியிருந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நடை கட்டாயம்.

ஃபர்னஸ் கதை வேறு. மின்சார ஹீட்டர் உள்ள மெஷ் பெல்ட் ஃபர்னஸ், ஞாயிற்றுக்கிழமை முழுக்க 860 டிகிரியில் காலியாகச் சூடாகிக்கொண்டிருக்கும். இறக்கலாமா என்று கேட்டதும் ஆபரேட்டர், "சார், இறக்கினா திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட் போயிடும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, முழுக்க அணைத்தால் திரும்பச் சூடேற்றவே பல மணி நேரம் ஆகும். இன்னொரு காரணமும் இருந்தது: உள்ளே எண்டோ காஸ் (சூட்டில் ஸ்டீலின் மேற்பரப்பு கெடாமல் காக்க விடும், எரியக்கூடிய வாயு) இருக்கும்போது 760 டிகிரிக்குக் கீழே இறக்குவது ஆபத்து, வெடிக்கலாம். அதனால் 800-இல் நிறுத்தி வைத்து, திங்கள் அதிகாலை டைமர் வைத்து ஏற்றுவது என்று முடிவு செய்தோம். முதல் மூன்று வாரம் அவர் முன்கூட்டியே வந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான்காவது வாரம் டைமரை நம்பினார். பெரிய மிச்சம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு பைசா செலவில்லாமல் ஒவ்வொரு வாரமும் வருகிறது.

கூலிங் டவர் ஃபேனுக்கு விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டது நல்ல முதலீடு. ஃபேன் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அது இழுக்கும் பவர் கிட்டத்தட்ட பாதியாகிவிடும், வேகத்தின் மும்மடிக் கணக்கு அது. இதைப் பற்றி வேறு சொல்ல எதுவும் இல்லை, போட்டோம், ஓடுகிறது.

இனி குறைகள். அலர்ட் முதல் மாதம் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது வந்தது. இரண்டாவது வாரத்திலேயே யாரும் போனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நாலே நாலு மட்டும் வைத்தேன்: மேக்சிமம் டிமாண்ட் (ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச லோடு) வரம்பை நெருங்கும்போது, பவர் ஃபேக்டர் விழும்போது, ஞாயிறு இரவு லோடு வரம்பைத் தாண்டும்போது, மீட்டர் தொடர்பு அறுந்தால். இந்த நாலும் வந்தால் இப்போது ஆள் எழுந்து போகிறார்.

நாலாவதை ஏன் சேர்த்தேன் என்றால், ஒருமுறை கேட்வே மூன்று நாள் செத்துக் கிடந்தது, யாருக்கும் தெரியாது. சாஃப்ட்வேர் அந்த மூன்று நாளையும் முன்னும் பின்னும் பார்த்து நேர்கோடாக நிரப்பிவிட்டது, இது நிரப்பிய எண் என்று எங்கேயும் குறி இல்லை. கரன்ட் மிச்சம் பார்க்க அது போதும். கார்பன் கணக்கைச் சரிபார்க்க வருகிறவர் முன்னால் அப்படி ஒரு எண்ணை வைக்க முடியாது. எது அளந்தது, எது மதிப்பிட்டது என்று பிரித்துக் காட்டச் சொல்லிப் பல மாதம் சண்டை போட்டுத்தான் அந்த வசதி வந்தது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி கார்பன் ரிப்போர்ட்டில். ஒரு யூனிட் கரன்ட்டுக்கு எவ்வளவு கார்பன் என்ற எண்ணை அவர்கள் பழைய வருடத்துடையதாகவே வைத்திருந்தார்கள். நான் சொன்னதும் மாற்றினார்கள், ஆனால் மாற்றியபோது முந்தைய வருடங்களின் கணக்கும் சேர்ந்து மாறிவிட்டது. நாங்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரிப்போர்ட் ஒன்று, திரையில் இருப்பது இன்னொன்று. கார்பன் கணக்குப் போட உலகம் முழுக்கப் பின்பற்றும் வழிகாட்டியான ஜிஹெச்ஜி புரோட்டோகால் 2015-இலேயே மின்சாரக் கணக்கை இரண்டு விதமாகக் காட்டச் சொல்லியிருக்கிறது: கிரிட்டின் சராசரிப்படி ஒன்று, நாம் வாங்கும் ஒப்பந்தத்தின்படி ஒன்று. எங்கள் சிஸ்டத்தில் இந்த இரண்டில் முதலாவது மட்டும்தான் இருந்தது. இவ்வளவு பணம் கொடுத்துவிட்டு அந்த இரண்டாவது கணக்கை நான் இன்னும் எக்செலில்தான் போடுகிறேன், இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எங்கள் எல்பிஜி-யையும் அது விட்டுவிட்டது. நாங்கள் எல்பிஜி-யைச் சூடேற்ற எரிப்பதில்லை, எண்டோ காஸ் தயாரிக்கத்தான் எடுக்கிறோம், அதனால் எரிபொருள் பட்டியலில் வரவில்லை. ஆனால் ஃபர்னஸ் வாயில் எப்போதும் ஒரு நீலத் தீ எரிந்துகொண்டிருக்குமே, அந்த காஸ்தான் அங்கே எரிந்து போகிறது. ஒரு கிலோ எல்பிஜி-க்குச் சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கணக்கில் வந்தே ஆக வேண்டும். ஜெனரேட்டர் டீசலையும் அப்படித்தான் கையால் சேர்த்தோம், லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ.

இப்போது அந்த எக்செல் ஷீட்டுக்கு வருகிறேன். இதை நான் முன்பே புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். சிபிஏஎம்-இல் கணக்குக் காட்டும் கட்டத்தில் மின்சாரத்தின் கார்பனையும் கேட்டார்கள். பணம் கட்டும் கட்டத்தில் ஸ்டீல் பொருட்களுக்கு நேரடி வெளியீடு (உற்பத்தியின்போதே வெளியேறும் கார்பன், வாங்கும் மின்சாரத்துடையது சேராது) மட்டும்தான் எண்ணப்படுகிறது. அப்படியானால் நாங்கள் மூன்று வருடம் ஓடி ஓடி மிச்சம் பிடித்த கரன்ட், பில்லில் தெரியும், எங்கள் சொந்தக் கார்பன் ரிப்போர்ட்டிலும் தெரியும், ஐரோப்பாவில் வாங்குகிறவர் கட்டும் தொகையில் தெரியாது. அங்கே எண்ணைத் தூக்குவது நாங்கள் வாங்கும் கம்பி. தாதுவிலிருந்து பிளாஸ்ட் ஃபர்னஸ் வழியில் வந்த ஸ்டீல் என்றால் டன்னுக்குச் சுமார் 2.3 டன் கார்பன் டை ஆக்சைடு, பழைய இரும்பை மின் உலையில் உருக்கியது என்றால் மின்சாரத்தையும் சேர்த்தே சுமார் 0.7 டன். எங்கள் ஆலைக்குள் நடக்கும் நேரடி வெளியீடு இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. எந்த மீட்டரும் இதை அளக்க முடியாது. கம்பி சப்ளை செய்கிறவரிடமிருந்து அந்த உருக்கின் கணக்கை எழுத்தில் வாங்க வேண்டும், அது போன், கடிதம், மறுபடி போன் என்று போகிற வேலை. எங்களுக்கு முதல் கடிதத்திலிருந்து முழு எண் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. இப்போது பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டோம், அந்த விவரம் இல்லாமல் கம்பி உள்ளே வராது.

விற்க வருகிறவர் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துக் கொடுப்பார். நீங்கள் பிரித்துப் பாருங்கள். கரன்ட் மிச்சத்துக்கு இது நல்ல கருவி, ஆனால் தினமும் காலையில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு பிரேக்கரை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் வேண்டும். எங்கள் எலக்ட்ரீஷியன் நாலு மாதம் லீவில் இருந்தபோது ஞாயிறு கோடு மெல்ல மெல்ல ஏறியதை நானே பார்த்தேன். ஐஎஸ்ஓ 50001 (எனர்ஜி நிர்வாகத்துக்கான சர்வதேசத் தரச் சான்று) எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்தத் தரவு அடிப்படை வருடம் வைக்க நன்றாக உதவும், எங்களுக்கு உதவியது. விதிகளுக்கான கணக்குக்கு இது பாதி, அதிலும் சின்னப் பாதி. ஒரே ஷெட், ஒரு கம்ப்ரசர் என்று இருப்பவர்கள் பதினெட்டு மீட்டர் போட வேண்டியதே இல்லை, ஒரு கிளாம்ப் மீட்டரும் சோப்புத் தண்ணீரும் வைத்துத் தொடங்கலாம்.

போன மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தது, புதுப்பித்தோம். ஆனால் இந்த முறை மூன்று வரிகளை நாங்களே எழுதிச் சேர்த்தோம்: பதினைந்து நிமிடத் தரவு முழுவதும் எந்த நேரமும் நாங்கள் இறக்கிக்கொள்ளலாம், பழைய வருடக் கணக்கை எங்கள் அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது, ஒப்பந்தம் முடிந்தாலும் மீட்டர் எங்களுடையது. முலாம் பகுதியின் ரெக்டிஃபயர்களுக்கு (முலாம் பூச டிசி கரன்ட் தருபவை) இன்னும் தனி மீட்டர் இல்லை, அடுத்த ஷட்டவுனில் அதைப் போடுகிறோம், சிடி-யின் அம்புக்குறியை இந்த முறை பேனல் மூடுவதற்கு முன்பே போட்டோ எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.