21,500 ரூபாய் போச்சு: ஆன்லைனில் இன்வெர்ட்டர் வாங்குறவங்க கவனம்

மழைக்கு முன்னாடி இன்வெர்ட்டர் தேடுற கடலூர், புதுச்சேரிக்காரங்க இதைப் படிச்சுட்டுப் பணம் கட்டுங்க. எப்படித் தப்பிக்கணும்னு கடைசியில சொல்றேன். எனக்கு 21,500 ரூபாய் போச்சு. ஆத்திரம் இன்னும் அடங்கலை.

2011 தானே புயலுக்கு அப்புறம் கரண்ட் இல்லாம கிடந்ததை இந்த ஊர் மறக்குமா? மாமியாருக்கு மூச்சுத்திணறல், நெபுலைசர் ஓடியே ஆகணும். பல கடைக்காரங்க பொருள் விக்கிற ஒரு தளத்துல 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியோட கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியும் இன்வெர்ட்டரும் பார்த்தேன். விற்கிறவர்கிட்ட சாட்டில் கேட்டேன். "புது பேட்டரிதான் அக்கா, அஞ்சு வருஷ வாரண்டி. நாங்களும் திருப்பாதிரிப்புலியூர்தான், நம்ம ஊர் ஆளை ஏமாத்துவோமா?" அந்த ஒரு வார்த்தைக்குத்தான் முழுப் பணத்தையும் அனுப்பினேன். மாமியார் விஷயத்தையும் சொல்லியிருந்தேன். தெரிஞ்சேதான் செஞ்சிருக்காங்க.

வந்தது பெயின்ட் அடிச்ச பழைய பேட்டரி. சீரியல் நம்பரைச் சுரண்டியிருக்காங்க. கரண்ட் போனா அரை மணி நேரம்கூடத் தாங்கலை. எலெக்ட்ரீஷியன் ஹைட்ரோமீட்டர் (பேட்டரி ஆசிட்டோட அடர்த்தியை அளக்கிற கருவி) விட்டுப் பார்த்துட்டு, "செத்த பேட்டரிம்மா"ன்னார்.

தளத்துல புகார் கொடுத்தா "எங்க டீம் பார்க்கும்"னாங்க. அப்புறம் பதிலே இல்லாம புகாரை மூடிட்டாங்க. திரும்பக் கேட்டா, "நாங்க இடையில இருக்கிறவங்க, விற்கிறவர்கிட்ட பேசுங்க." அந்த ஆளோ, "சாட்டில் பேசினதெல்லாம் ஒப்பந்தமா? கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கா?"ன்னு கேட்டுட்டு போனை வச்சுட்டான். 21,500 ரூபாய் வாங்கும்போது மட்டும் பேப்பர் தேவைப்படலையே!

அவன் சொன்னது பொய். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 10ஏ தெளிவா இருக்கு: மின்னணு வழியில பேசி முடிச்சதுங்கிற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமப் போகாது. 2020 மின்வணிக விதிகள்படி, பழுதான பொருளையோ சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப வாங்க மாட்டேன்னு விற்கிறவர் சொல்லக்கூடாது. தளமும் புகார் கிடைச்சதை 48 மணி நேரத்துல ஒப்புக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். நமக்கு இதெல்லாம் தெரியாதுங்கிற தைரியத்துலதான் பேசுறாங்க.

முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீங்க. பெட்டி பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. சாட், பில், பணம் போன விவரம் எதையும் அழிக்காதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்க. வழக்குன்னாலும் அலைய வேண்டாம், நாம இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம். நான் மனு எழுதிக்கிட்டு இருக்கேன். 21,500 ரூபாயையும் விட மாட்டேன்.